கோடை நடை முடிந்தது, பரணில் ஏற்றுவதற்கு முன்: டென்ட், பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் பராமரிப்பு

#1 குன்றம்

வெள்ளியங்கிரிப் பாதை மே மாதத்தோடு அடைபட்டுவிட்டது. இமாச்சலத்தில் சார் பாஸ் ஏறப் போனவர்களும் ஊர் வந்து சேர்ந்தாயிற்று. பிரிக்காத மூட்டை இன்னும் கட்டிலுக்கு அடியில் கிடக்கிற வீடுகள் நிறைய இருக்கும். கோடையில் உழைத்த சாமான்களை அடுத்த தை வரை நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்பதை மட்டும் இந்த இழையில் பேசுவோம். பயணக் கதைகளுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே செய்முறை, அளவு, எது ஏன் கெடுகிறது என்பது போதும்.

நம் ஊரில் மலைச்சாமான் பாழாவது மலையில் குறைவு, பரணில் அதிகம். டென்ட்டின் உட்பூச்சு, பல பூட்ஸ்களின் நடுச்சோல் (அடிச்சோலுக்கு மேலே இருக்கும் மெத்தை அடுக்கு), முதுகுப்பையின் உள்பக்கப் பூச்சு எல்லாம் ஒரே குடும்பம்: பாலியூரித்தேன். காற்றிலுள்ள ஈரம் அதன் வேதி இணைப்புகளை மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே இருக்கும். சூடும் சேர்ந்தால் வேகம் கூடும். வெயில் இறங்கும் காங்கிரீட் தளத்தை ஒட்டிய பரணில் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும். சென்னை, கடலூர், நாகை மாதிரி கடலோரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

துவைப்பதற்கு முன்னால் ஒரு வேலை. பையில் உள்ள அனைத்தையும் தரையில் கொட்டி இரண்டு குவியலாகப் பிரியுங்கள்: தினமும் கை பட்டவை, ஒருமுறைகூட எடுக்காதவை. இருந்திருக்கலாமே என்று தோன்றியவற்றைத் தனியே ஒரு தாளில் எழுதுங்கள். எடுக்காத குவியலைப் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசில் தொங்கவிட்டு எடையையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து நாள் நடைக்கு அது ஒன்றரைக் கிலோவைத் தாண்டியிருந்தால், முழங்காலுக்குத் தேவையில்லாமல் வேலை கொடுத்திருக்கிறீர்கள். முதலுதவிப் பை, மழை உறை, விசில், உபரி டார்ச் பேட்டரி ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. பயன்படாமல் திரும்பி வந்தால்தான் அவற்றுக்கு நல்ல பயணம்.

ஊர் வந்த இரண்டு நாளுக்குள் இதைச் செய்துவிடுங்கள். ஒரு வாரம் போனால் எது தேவைப்பட்டது என்ற நினைவு மங்கிவிடும், மூன்றாவது டி-சர்ட் "எதற்கும் இருக்கட்டும்" என்று திரும்பவும் பைக்குள் ஏறும்.

டென்ட்டை ஊசிமுனை அக்கா தொடங்கி வைத்தால் நன்றாயிருக்கும்.

#2 ஊசிமுனை

சரி, டென்ட்.

வாஷிங் மெஷினில் போடவே கூடாது. சுழற்சியில் தையல்மேல் ஒட்டிய நாடா உரியும், கொசுவலை கிழியும். முதலில் டென்ட்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, மூலைகளைப் பிடித்து உதறுங்கள். மணல் உள்ளே இருக்கும்போதே நனைத்துத் தேய்த்தால் அந்த மணல் பூச்சை உப்புத்தாள் மாதிரி அராவிவிடும்.

பிறகு பெரிய டப்பில் இரண்டு வாளி சாதாரணத் தண்ணீர், அதில் வாசனையில்லாத மிதமான திரவ சோப்பு இரண்டு தேக்கரண்டி. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சின் மஞ்சள் பக்கத்தால் தரைத்துணியையும் அழுக்கான இடங்களையும் மட்டும் துடைத்தால் போதும். பச்சைப் பக்கம் படவே கூடாது. சோப்புத்தூளும் துணி மென்மையாக்கும் திரவமும் வேண்டாம். அவற்றின் மிச்சம் துணியில் தங்கி, தண்ணீரை விலக்க வேண்டிய துணியே தண்ணீரை இழுக்க ஆரம்பிக்கும். மூன்று தண்ணீரில் அலசுங்கள். பைன் பிசின் ஒட்டியிருந்தால் மருந்துக்கடை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, ஓரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, ஒற்றி எடுங்கள்.

காயவைப்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். நம் வெயிலில் மொட்டைமாடியில் நாள் முழுக்க விரித்துப் போட்டால் புற ஊதாக் கதிர் நைலானை நலித்துவிடும். கூரைத்துணி முதலில் நிறம் வெளுக்கும், அப்புறம் விரல் அழுத்தத்துக்கே கிழியும். நிழலில் காற்றோட்டமாக, அல்லது மாலை நான்கரைக்கு மேல் மாடியில் போட்டு, இருட்டுவதற்குள் எடுத்து, மிச்சத்தை மின்விசிறிக்குக் கீழே கொடியில் காயவிடுங்கள். இரவு மாடியில் விட்டால் பனி இறங்கி ஈரம் திரும்ப ஏறும்.

காய்ந்ததா என்று துணியின் நடுவில் தொட்டுப் பார்த்துப் பயனில்லை. ஈரம் ஒளியும் இடங்கள் வேறு: கம்பி செருகும் மூலைகளின் இரட்டை மடிப்பு, ஜிப்பை மூடும் பட்டை, கயிறு கட்டும் காதுகளின் அடிப்பக்கம், தரையும் சுவரும் சேரும் தையல். அவற்றைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியாத குளிர்ச்சி கன்னத்துக்குத் தெரியும். குளிர்ச்சி இருந்தால் இன்னும் ஒரு நாள்.

உறைப்பையையும் துவைக்க மறக்காதீர்கள். சுத்தமான டென்ட்டை அழுக்கு உறையில் போட்டுப் பூசணம் வந்த கேஸ்கள் எத்தனையோ.

#3 வடவள்ளிநடை

அக்கா, ஒரு சந்தேகம். வாங்கி ஆறு வருடமான இரண்டுபேர் டென்ட். தரை உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது, புளித்த வாடை. துவைத்தும் போகவில்லை. தரையில் தண்ணீரும் நிற்கிறது. பூசணமா, கசிவா?

#4 ஊசிமுனை

தம்பி, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பிசுபிசுப்பும் புளித்த வாடையும் சேர்ந்து வந்தால் அது குன்றம் அண்ணா சொன்ன பூச்சுச் சிதைவு. பூசணம் என்றால் கறுப்பு, சாம்பல் புள்ளிகள் தெரியும், ஒட்டாது. சிதைவு அடுத்த கட்டத்தில் மீன் செதில் மாதிரி வெள்ளையாக உரியும். துவைத்து இதைத் திருப்ப முடியாது.

தரையில் தண்ணீர் நிற்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இரண்டு பேர் மூடிய டென்ட்டில் தூங்கினால் மூச்சுக்காற்றின் ஈரமே கூரைத்துணியில் துளியாகி வழியும். கண்டுபிடிக்க வழி: டென்ட்டைக் கட்டி, ஆள் உள்ளே போகாமல், வெளியிலிருந்து குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடியுங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மலையில் பார்த்தது மூச்சு ஈரம்தான், காற்றுவழியைத் திறந்து வைக்காததுதான் குற்றம். தையல் ஓரமாகக் கோடாக நனைந்திருந்தால் தையல் கசிவு. துணி முழுதும் பரவலாக நனைந்திருந்தால் பூச்சு போய்விட்டது.

தரைக்கு மறுபூச்சு போட முடியும். முறை இது:

முதலில் பழைய பூச்சை எடுக்க வேண்டும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அரைமணி ஊறவைத்து மென்மையான பிரஷால் தேய்த்தால் உரிகிறது உரியும். மிச்சம் ஒட்டுவதை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்தெடுங்கள். அவசரப்படாதீர்கள், இதற்கே ஒரு முழு நாள் ஆகும். பழைய பூச்சின்மேல் சிலிக்கோன் பிடிக்காது. பாதி எடுத்துப் பாதி விட்டால் முதல் மழையிலேயே படலமாக எழும்பிவிடும்.

அடுத்து கலவை. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற, 100 சதவீதம் சிலிக்கோன் என்று எழுதிய நிறமற்ற சீலன்ட். அக்ரிலிக் கலந்தது வேண்டாம். அதோடு பெயின்ட் கடை டர்பன்டைன். ஒரு பங்கு சிலிக்கோனுக்குப் பத்துப் பங்கு டர்பன்டைன். இரண்டுபேர் டென்ட்டின் தரை ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர் இருக்கும், அதற்கு 50 மி.லி. சிலிக்கோனும் அரை லிட்டர் டர்பன்டைனும் சரியாக வரும். மூடிபோட்ட கண்ணாடி பாட்டிலில், முதலில் கொஞ்சம் டர்பன்டைன் ஊற்றி, சிலிக்கோனைச் சிறிது சிறிதாகப் பிழிந்து, கட்டி கரையும்வரை குலுக்குங்கள். மொத்தத்தையும் ஒரேயடியாகப் போட்டால் கட்டி அடியில் உட்கார்ந்துவிடும்.

டென்ட் தரையை இழுத்துக் கட்டி, ஸ்பாஞ்சால் மெல்லியதாகத் தடவி, ஐந்து நிமிடம் கழித்துக் குழி கட்டிய இடங்களைக் காய்ந்த துணியால் வழித்துவிடுங்கள். 24 மணி நேரம் காய வேண்டும். பிறகு டால்கம் பவுடர் தூவித் தட்டிவிட்டால் மடிக்கும்போது ஒட்டாது. திறந்த வெளியில் மட்டும் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ கூடாது. டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும்.

தையல் மட்டும் கசிந்தால் அதே பொருள், ஒன்றுக்கு மூன்று என்று கெட்டியாகக் கலந்து, பழைய பெயின்ட் பிரஷால் தையலின்மேல் ஒரு விரல் அகலத்துக்குத் தடவுங்கள். ஆனால் இது சிலிக்கோன் பூசிய துணிக்குத்தான். பாலியூரித்தேன் பூச்சு நல்ல நிலையில் இருக்கும் டென்ட்டுக்கு அதற்கென்று விற்கிற பாலியூரித்தேன் சீம் சீலர் வேண்டும். எது எந்தத் துணி என்று தெரியாவிட்டால், ஓரத்தில் ஒரு துளி சிலிக்கோன் வைத்துக் காய்ந்ததும் நகத்தால் சுரண்டுங்கள். தோலாக உரிந்து வந்தால் அது பாலியூரித்தேன் துணி.

#5 செங்குத்து

அக்கா சொன்ன முறை தரைக்குச் சரி. கூரைத்துணியின் பூச்சு போனால் அதைச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. ஒன்று, ஏழெட்டுச் சதுர மீட்டருக்குச் சீராகப் பூச வராது, எங்கோ ஒரு இடம் விட்டுப்போகும். இரண்டு, பூச்சு சிதைகிற வயதில் துணியின் நூலும் வெயிலில் நலிந்திருக்கும். மேலே 4,000 மீட்டரில் காற்றடிக்கும்போது கிழிந்தால் பூச்சு இருந்து என்ன பயன்?

சோதனை: கூரைத்துணியின் உச்சியில், வெயில் அதிகம் பட்ட இடத்தில், இரண்டு கட்டைவிரலாலும் பிடித்து உறுதியாக இழுங்கள். நூல் நகர்கிற மாதிரி "சர்ர்" என்று மெல்லிய சத்தம் வந்தாலே அந்தத் துணி இனி மொட்டைமாடி நிழலுக்குத்தான்.

#6 ஊசிமுனை

உச்சியில் இழுத்துப் பார்க்கச் சொன்னதை முழுக்க ஏற்கிறேன். மறுபூச்சுக்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை அது, நான் சொல்ல விட்டுப்போனது. தம்பி, முதலில் அதைப் பாருங்கள், அப்புறம் சிலிக்கோன் வாங்குங்கள்.

#7 செங்குத்து

டென்ட்டின் ஜிப்பும், டென்ட்டைத் தாங்கும் கம்பியும் என் பங்கு.

ஜிப் மூடியபின் பின்னாலேயே வாய் பிளந்தால் பல் போய்விட்டது என்று முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் தேய்ந்தது ரன்னர்தான். மணல் உரசி ரன்னரின் உள்வாய் அகன்றுவிடும், இரண்டு பக்கப் பற்களையும் இறுக்கிச் சேர்க்க அதற்குத் தெம்பு இருக்காது. பழைய பல் பிரஷால் மணலைத் தட்டி, தண்ணீரில் அலசிக் காயவிட்டு, ரன்னரின் பின்முனையை இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை குறட்டால் லேசாக அழுத்துங்கள். கால் மில்லிமீட்டர் போதும். ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ரன்னர் துத்தநாக வார்ப்பு. ஒரே அழுத்தில் முடிக்கப் பார்த்தால் பொட்டென்று உடையும். இப்படி ஒரு சீசன் ஓடும். அடுத்த முறை ரன்னரையே மாற்ற வேண்டும். அதன் முதுகில் 3, 5, 8, 10 என்று எண் பொறித்திருக்கும், அதே எண் கேளுங்கள். தையல் சாமான் கடையில் கிடைக்கும்.

மெழுகுவத்தி தேய்ப்பதை நான் சொல்ல மாட்டேன். அன்றைக்கு வழுக்கும், ஆனால் அடுத்த பயணத்தில் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கம்பிக்குள் இருக்கும் எலாஸ்டிக் கயிறு தொய்ந்திருந்தால்: முனையின் முடிச்சை அவிழ்த்து உருவி, கம்பிகளை வரிசை மாறாமல் தரையில் அடுக்கி எண் எழுதிக்கொள்ளுங்கள். 2.5 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள கயிறு. நீளம், கம்பியின் முழு நீளத்தில் முக்கால் பங்கு. 4 மீட்டர் கம்பிக்கு 3 மீட்டர், இழுத்துக் கட்ட வேண்டும். முழு நீளத்துக்கு வைத்தால் தொங்கும், பாதிக்கு வைத்தால் மடிக்க வராமல் முறுக்கிக்கொள்ளும். மடிக்கும்போது நடுக்கணுவிலிருந்து, அதாவது துண்டுகள் சேரும் நடு இணைப்பிலிருந்து, தொடங்குங்கள், அப்போது இழுவிசை இரு பக்கமும் சமமாகப் போகும்.

கடற்கரையில் டென்ட் போட்டிருந்தால் கணுக்களை நல்ல தண்ணீரில் அலசியே ஆக வேண்டும். உப்பு அலுமினியத்தை வெள்ளைப் பொடியாக அரித்து, இரண்டு துண்டும் பிரிக்க முடியாமல் இறுகிவிடும். ஊன்றுகோலுக்கும் இதே கதைதான். மூன்று துண்டையும் முழுக்கக் கழற்றி, துடைத்து, கழற்றிய நிலையிலேயே வையுங்கள். முறுக்கிப் பூட்டும் வகைக்கு உள்ளே எண்ணெய் விடாதீர்கள், பிடிப்பே போய்விடும்.

#8 தேயிலைக்காடு

நீலகிரிப் பக்கத்திலிருந்து பூட்ஸ் பற்றிச் சில வார்த்தை.

சோலின் பள்ளங்களில் இருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுப்பதை வீட்டுக்கு வரும்வரை தள்ளிப்போடாதீர்கள், நடை முடிந்த அடிவாரத்திலேயே செய்யுங்கள். அந்த மண்ணில் உண்ணிச்செடி, பார்த்தீனியம் விதைகள் ஒட்டிக்கொண்டு அடுத்த மலைக்குப் பயணம் போகும். சோலைக்காட்டு ஓரங்களை அந்நியச் செடிகள் எப்படி மூடியிருக்கின்றன என்று இங்கே வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். சாக்ஸிலும் பேன்ட் மடிப்பிலும் ஒட்டிய நாயுருவி முட்களும் அப்படித்தான்.

ஈரமான பூட்ஸ்: நாடாவையும் உள்தட்டையும் வெளியே எடுத்து, செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். முதல் நாள் இரண்டு மணிக்கொருமுறை தாளை மாற்ற வேண்டும். ஒருமுறை திணித்துவிட்டு மறந்தால் ஈரத்தாள் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கும். வெயில், அடுப்பு, பைக் இன்ஜின், பூட்டிய கார் எதுவும் ஆகாது. 60 டிகிரிக்கு மேல் போனால் சோல் ஒட்டிய பசை இளகும், முன்முனையில் வாய் பிளக்கத் தொடங்கும்.

தோல் பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. தயவுசெய்து வேண்டாம். தோலை அளவுக்கு மீறி மெத்தென்றாக்கிக் கணுக்காலின் பிடிப்பைத் தளர்த்தும், தையல் வழியே இறங்கிப் பசையைக் கெடுக்கும், நாள்பட்டால் சிக்கு நாற்றம் எடுக்கும். தேன்மெழுகு சேர்ந்த தோல் பாலிஷ், ஒரு சீசனுக்கு ஒருமுறை, மெல்லிய பூச்சு போதும்.

பூசணம் இருந்தால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துணியில் தொட்டுத் துடைத்து, பத்து நிமிடம் கழித்து வெறும் தண்ணீர்த் துணியால் துடைத்து, காற்றில் வையுங்கள்.

#9 வடவள்ளிநடை

முன்முனை அரை அங்குலம் பிளந்திருந்தால் வீட்டில் ஒட்டலாமா?

#10 தேயிலைக்காடு

பிளந்தது ஏன் என்று பார்த்துவிட்டு ஒட்டுங்கள். வாயை லேசாக விரித்து உள்ளே டார்ச் அடியுங்கள். இரண்டு பரப்பும் வழவழப்பாக, பழைய பசை மஞ்சளாகத் தெரிந்தால் பசை விட்டிருக்கிறது, ஒட்டலாம். நடுச்சோல் கேக் மாதிரி உதிர்ந்து விரலில் ஒட்டினால் அது சோலே சிதைகிறது. அதை எந்தப் பசையும் காப்பாற்றாது. நல்ல பூட்ஸை "ஸ்பெஷலாக இருக்கட்டும்" என்று ஐந்தாறு வருடம் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்து, மலையில் முதல் நாளே சோல் தனியாகக் கழன்று வருவது இதனால்தான். தேயவேயில்லை என்பதால் நன்றாயிருக்கிறது என்று அர்த்தமில்லை. இந்தச் சிதைவு பாலியூரித்தேன் நடுச்சோலுக்குத்தான். இவிஏ என்கிற லேசான நுரையில் செய்த நடுச்சோல் உதிராது, அமுங்கித் தட்டையாகும்.

ஒட்டும் முறை: பழைய பசையைச் சுரண்டி, 80 எண் உப்புத்தாளால் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். செருப்புக் கடைகளில் பயன்படுத்துகிற ரப்பர் பசையை இரண்டு பக்கமும் மெல்லியதாகத் தடவுங்கள். உடனே சேர்க்காதீர்கள். 10 முதல் 15 நிமிடம், விரல் தொட்டால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற பதம் வரும்வரை பொறுங்கள். பிறகு சேர்த்து அழுத்தி, சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி வரிந்து கட்டி 24 மணி நேரம் விடுங்கள். வீட்டில் ஒட்டியது பிய்த்துக்கொள்வதற்குக் காரணம் அநேகமாக இந்தப் பதினைந்து நிமிடம் பொறுக்காததுதான். ஒட்டியபின் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து முன்முனையில் நைலான் நூலால் ஓர் ஓட்டமும் போட்டுக்கொள்ளுங்கள்.

#11 கயிற்றுக்கட்டில்

ஸ்லீப்பிங் பேக். இறகு அடைத்ததற்கும் செயற்கைப் பஞ்சுக்கும் பாதை வேறு.

இறகுப் பை ஒவ்வொரு பயணத்துக்கும் துவைக்கிற பொருளல்ல. உள்ளே ஒரு பருத்தி விரிப்புப் பை வைத்துத் தூங்கினால் இரண்டு மூன்று சீசனுக்கு ஒருமுறை போதும். சாமான் கணக்குத் தாளில் "உள்விரிப்பு" இல்லாவிட்டால் அதைச் சேர்த்துவிடுங்கள், 200, 300 கிராம் எடைக்கு அது கொடுக்கிற ஆயுள் அதிகம்.

துவைக்கும் நேரம் எப்போது? வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒவ்வோர் அறையிலும் இறகு பரவலாக நிழலிட வேண்டும். உருண்டை உருண்டையாகத் திரண்டு, இடையில் வெளிச்சம் ஊடுருவினால் வேர்வையும் உடல் எண்ணெயும் ஏறிவிட்டன.

இறகுக்கென்று விற்கிற சோப்புதான் வேண்டும். சாதாரண டிடர்ஜென்ட் இறகின் இயற்கை எண்ணெயை உருவிவிடும், பிறகு அது உப்பாது. முன்பக்கம் திறக்கும் மெஷின் இருந்தால் 30 டிகிரி, மென்மைச் சுற்று. மேலே திறந்து நடுவில் தண்டு நிற்கிற மெஷின் கூடாது, தண்டில் சுற்றி அறைகள் கிழியும். இல்லையென்றால் குளியல் தொட்டியோ பெரிய டப்போ எடுத்துக்கொண்டு, காலால் மெதுவாக மிதியுங்கள்.

நனைந்த பையை ஒரு முனையில் பிடித்துத் தூக்கவே கூடாது. தண்ணீர் குடித்த இறகு அத்தனையும் அந்த முனைக்கு எதிரே சரிந்து உள்தடுப்புகளை அறுத்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையையும் அடியில் கொடுத்து, அழுத்திப் பிழிந்து, முறுக்காமல் எடுங்கள்.

காயவைக்க நம் கயிற்றுக் கட்டிலைப் போல ஒரு சாதனம் கிடையாது. கீழேயும் காற்றுப் போகும். நிழலில் கட்டிலின்மேல் பரப்பி, இரண்டு மணிக்கொருமுறை புரட்டி, கட்டிகளை விரல்களால் உதிர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று நாள் ஆகும், மேகமூட்டம் என்றால் நான்கு. மேலே காய்ந்து நடுவில் அரை எலுமிச்சை அளவு கட்டி ஒன்று தங்கினாலும் அங்கிருந்துதான் நாற்றம் கிளம்பும். டிரையர் இருக்கிறவர்கள் மிகக் குறைந்த சூட்டில் இரண்டு டென்னிஸ் பந்து போட்டு ஓட்டலாம்.

வைக்கும்போது சின்ன உறையில் திணிக்காதீர்கள். பழைய 4 முழ வேட்டி ஒன்றை இரண்டாக மடித்து, இரு ஓரமும் தைத்து, வாயில் நாடா கோத்தால் இறகுப் பை தாராளமாக உப்பிக் கிடக்கிற சாக்கு தயார். செயற்கைப் பஞ்சுக்கு இது இன்னும் முக்கியம். அமுங்கிய இழை திரும்ப எழும்பாது, கதகதப்பு குறைந்துகொண்டே போகும்.

#12 குன்றம்

மழைக்கோட்டு பற்றிக் கேட்டுத் தனிச்செய்தி வருகிறது, அதனால் இங்கேயே. "வாட்டர்ப்ரூஃப் போய்விட்டது, உள்ளே நனைகிறது" என்பவர்களில் பாதிப் பேருடைய கோட்டில் ஓட்டை எதுவும் இல்லை. வெளித்துணியின் நீர்விலக்குப் பூச்சு வேர்வை, சன்ஸ்கிரீன், புகையால் அடைபட்டு, துணி தண்ணீரைக் குடிக்கிறது. அப்போது உள்ளிருக்கிற நீராவி வெளியேற வழியில்லாமல் முதுகில் வழிகிறது. அதற்கென்று உள்ள திரவத்தில் துவைத்து, மூன்றுமுறை அலசி, காய்ந்தபின் மேலே மெல்லிய பருத்தித் துணி போட்டு, நீராவி இல்லாமல் குறைந்த சூட்டில் இஸ்திரி போடுங்கள். சூடு பட்டால் பழைய பூச்சே மீண்டும் எழும். முதலில் உள்பக்கத் துணிக்குறியில் இஸ்திரி அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் தெளித்துச் சோதியுங்கள், முத்தாக உருண்டால் சரி. உருளாவிட்டால் நீர்விலக்கு ஸ்பிரே.

#13 சுனைநீர்

தண்ணீர் சாமான். இதில் தவறு செய்தால் பொருள் போவதோடு நிற்காது, வயிறும் போகும்.

முதலில் உள்ளீடற்ற இழை வடிகட்டி, அதாவது குழல் மாதிரி நுண்ணிய இழைகள் வழியாகத் தண்ணீரை வடிக்கிற வகை, சாயர், காட்டடின் கம்பெனிகள் விற்பது மாதிரி. நனைந்த நிலையில் ஒருமுறை உறைந்துபோனால் உள்ளிழைகள் வெடித்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் இன்னும் சுலபமாகவே வரும், ஆனால் கிருமி நிற்காது. சார் பாஸ், ஹம்ப்டா பாஸ் பக்கம் உயரத்து முகாம்களில் இரவு வெளியே வைத்திருந்து உறைந்ததா என்ற சந்தேகம் வந்தாலே அதைத் தூக்கிப் போடுங்கள். அடுத்தமுறை ஸ்லீப்பிங் பேக்குக்குள் கால்மாட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

நல்ல நிலையில் இருந்தால்: சுத்தமான தண்ணீரால் எதிர்த்திசையில் பலமாகப் பீய்ச்சி அடியுங்கள், வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை. பயணம் முழுக்கச் செய்யாமல் விட்டால் சேறு உள்ளேயே காய்ந்து இறுகி, ஆறு மாதம் கழித்துச் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அலசாதீர்கள், உப்புப் படியும். ஏற்கெனவே படிந்திருந்தால் வெள்ளை வினிகரில் அரைமணி ஊறவைத்து மறுபடி பீய்ச்சுங்கள். பிறகு நிழலில் ஒரு வாரமாவது காய வேண்டும்.

உறிஞ்சு குழாய்த் தண்ணீர்ப்பை: ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி ஆப்பசோடா, அரைமணி. குழாயிலும் நிரம்ப வேண்டும், அதனால் கடிமுனையை அழுத்திச் சிறிது வெளியேற்றுங்கள். கறுப்புப் பூசணம் முதலில் குடியேறுவது கடிமுனைக்குள்தான், அதைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்தபின் ஃபிரீசரில் வைப்பதுதான் நம் ஊர் ஈரத்துக்குச் சரியான வழி. குளுக்கோஸ், எலுமிச்சைச் சர்க்கரைக் கரைசலைத் தண்ணீர்ப்பையில் ஊற்றவே வேண்டாம், அதற்குத் தனி பாட்டில். வெள்ளியங்கிரியில் கைதட்டிச் சுனை, ஆண்டி சுனை என்று நீர் கிடைக்கிற இடங்கள் இருந்தாலும் கோடை முற்றினால் ஒழுக்கு மெலியும், ஆகவே அந்தப் பாட்டில் எப்படியும் தேவைப்படும்.

#14 செங்குத்து

தலை டார்ச்சிலிருந்து அல்கலைன் பேட்டரியை இன்றைக்கே கழற்றுங்கள். ஆறு மாதம் உள்ளேயே கிடந்தால் கசியும். வெள்ளையாகப் படிந்திருப்பது காரம். ஆகவே எலுமிச்சைச் சாறோ வினிகரோ காதுக்குச்சியில் தொட்டுத் துடைத்தால் லேசாகப் பொங்கிக் கரையும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து, ஒரு நாள் காயவிட்டுப் புது பேட்டரி போட்டுச் சோதியுங்கள். பவர் பேங்கை முழு சார்ஜிலோ காலியாகவோ வைக்காதீர்கள், பாதியில் வைத்து மூன்று மாதத்துக்கொருமுறை ஏற்றுங்கள். விமானத்தில் அது கைப்பையில்தான் போக வேண்டும். 20,000 எம்ஏஎச் என்றால் 74 வாட் மணி, 100 வாட் மணி வரை தனி அனுமதி தேவையில்லை.

கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது, ரயிலிலும் கூடாது. மிச்சமிருந்தால் அங்கேயே அடுத்த குழுவிடம் கொடுத்துவிட்டு வருவதுதான் முறை. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அடுப்பு பற்றவைப்பதே குற்றம். மலையேறப் போனவர்களைப் பலிகொண்ட 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

#15 வடவள்ளிநடை

எல்லாம் சுத்தம் செய்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு அறை வீட்டில் பரண் தவிர எங்கே வைப்பது? பாச்சை உருண்டை போடலாமா?

#16 குன்றம்

பீரோவின் கீழ்த்தட்டு, கட்டிலுக்கு அடி, கதவுக்குப் பின்னால் ஆணி, மூன்றும் பரணைவிட நல்லது. தரையிலிருந்து நான்கு விரல் உயரமும் வெளிச்சுவரிலிருந்து சிறிது இடைவெளியும் இருந்தால் போதும். டென்ட்டைக் கம்பெனி உறையில் இறுக்கிச் சுருட்டாமல் பழைய தலையணை உறையில் தளர்வாகப் போடுங்கள். ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் கிடந்தால் அந்தக் கோட்டில்தான் பூச்சு முதலில் வெடிக்கும்.

பாச்சை உருண்டை வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், வாடை இறகுக்குள் ஏறினால் அந்தப் பையில் தூங்க முடியாது. பூச்சியை வரவழைப்பது தின்பண்டத் துகளும் வேர்வையும்தான், முதுகுப்பையின் பக்க ஜோப்புகளை வெளியே இழுத்து உதறுங்கள். நிழலில் மொறுமொறுப்பாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைக்கலாம். பச்சை இலை வைத்தால் அதுவே ஈரம்.

டார்ச், திசைகாட்டி, வடிகட்டி மாதிரிச் சின்னவற்றை ரப்பர் விளிம்புள்ள டப்பாவில், ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். 10 லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் தாராளம். பச்சையாக மாறினால் 110, 120 டிகிரி அவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். ஸ்லீப்பிங் பேக்கையும் பூட்ஸையும் மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் அடைக்க வேண்டாம், அவற்றுக்குக் காற்று வேண்டும்.

நாள்காட்டியில் இரண்டு குறி. புரட்டாசி கடைசி வெயிலில், ஐப்பசி அடைமழைக்கு முன், எல்லாவற்றையும் ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் உதறி வையுங்கள். அடுத்து தை பிறந்ததும் டென்ட்டைக் கட்டிப் பாருங்கள், பூட்ஸைப் போட்டு இரண்டு நாள் தெருவில் நடந்து பாருங்கள். பிப்ரவரியில் வெள்ளியங்கிரி திறக்கும்போது, ஏதாவது பழுது என்றால் சரிசெய்ய இரண்டு மூன்று வாரம் கையில் இருக்கும்.

#17 வடவள்ளிநடை

உச்சியில் இழுத்துப் பார்த்துவிட்டேன், சத்தம் வரவில்லை. நாளைக்குத் தரைப் பூச்சை ஊறவைக்கிறேன். ஆல்கஹால் எவ்வளவு வாங்குவது அக்கா?

#18 ஊசிமுனை

மூன்று சதுர மீட்டருக்கு அரை லிட்டர் வாங்குங்கள் தம்பி, மிஞ்சினால் பூட்ஸ் ஒட்ட உதவும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஒரு முழ அகலம் முடித்ததும் அந்த இடத்தைக் காயவிட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தண்ணீர் சட்டென்று ஊறி மறுபக்கம் வந்தால் பழைய பூச்சு முழுக்க வந்துவிட்டது, அடுத்த முழத்துக்கு நகரலாம்.